ஜிப் போடத் தெரியுமா?

ஜெர்மனியில் ஒரு குழந்தை ஒன்றாம் வகுப்பில் காலடி வைப்பதற்கு ஓராண்டு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. அந்த ஓராண்டில் அரசு பெற்றோரிடம் என்ன கேட்கிறது? பள்ளி குழந்தையிடம் என்ன கேட்கிறது? மகளோடு நடந்து பார்த்த ஒரு தாயின் பதிவு.

2024 செப்டம்பர் கடைசியில் நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மகளின் பெயர், பிறந்த தேதி, எங்கள் முகவரி எல்லாம் அச்சாகியிருந்தன. 2025 ஆகஸ்ட் 1 முதல் உங்கள் குழந்தைக்குப் பள்ளிக் கடமை தொடங்குகிறது, நவம்பர் 15ஆம் தேதிக்குள் ஒரு தொடக்கப் பள்ளியில் பதிவு செய்யுங்கள் என்றது கடிதம். கூடவே ஒரு பதிவுச் சீட்டும், சுற்றுவட்டாரப் பள்ளிகளின் பட்டியலும். அவள் ஐந்தாவது பிறந்த நாள் கேக் வெட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஃபிரிட்ஜில் மிச்சக் கேக் இருந்தது.

நாங்கள் யாரிடமும் போய் விசாரிக்கவில்லை. இந்த நாட்டில் குடியிருப்பவர் எல்லோரும் தங்கள் முகவரியை நகராட்சியில் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டைப் பார்த்து, அடுத்த ஆண்டு பள்ளிக்கு வரவேண்டிய பிள்ளைகள் யார் யார் என்று அவர்களே எடுத்துவிடுகிறார்கள். விண்ணப்பம் வாங்க விடியற்காலையில் வரிசையில் நிற்பதோ, நன்கொடை எவ்வளவு என்று காதோடு கேட்பதோ இல்லை. அரசுப் பள்ளியில் கட்டணமே கிடையாது.

திருச்சியிலிருந்து அம்மா வீடியோவில் வந்தாள். "ஏண்டி, அஞ்சு வயசு முடிஞ்சுடுச்சு, இன்னும் ஏ பி சி டி முழுசா எழுத வரலையா? இங்க யுகேஜி புள்ளைங்க கூட்டல் கணக்கு போடுதுங்க." அந்தக் கவலை எனக்கும் இருந்தது. மகள் மூன்று வயதிலிருந்து போய்க்கொண்டிருந்த கிட்டாவில், அதாவது மழலையர் காப்பகத்தில், ஒரு எழுத்துகூடச் சொல்லிக்கொடுக்கவில்லை. மண்ணில் குழி தோண்டினாள், மழையில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு குட்டையில் குதித்தாள், மாலையில் சட்டை முழுக்கச் சேறோடு வந்தாள். கிண்டர்கார்டன் என்ற சொல்லே இந்த மண்ணில் பிறந்ததுதான். 1840இல் ஃபிரீட்ரிஷ் ஃப்ரோபெல் துரிங்கியாவின் பாட் பிளாங்கன்பூர்க் ஊரில் தொடங்கியது அது. விளையாட்டே அந்த வயதின் படிப்பு என்றார் அவர். அந்தச் சொல் நம் ஊர்வரை வந்து எல்கேஜி, யுகேஜி ஆகி வீட்டுப்பாட நோட்டாக மாறிவிட்டது. பிறந்த ஊரில் அது இன்னமும் மண்ணில்தான் விளையாடிக்கொண்டிருக்கிறது.

கடிதம் வந்த பிறகு கிட்டாவில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். பள்ளிக்குப் போகுமுன் குழந்தைக்கு என்னவெல்லாம் வரவேண்டும் என்ற பட்டியல். எழுத்தும் எண்ணும் இருக்கும் என்று நினைத்துப் படித்தேன். ஜாக்கெட்டுக்குத் தானே ஜிப் போடத் தெரியுமா? காலணியைத் தானே மாட்டுமா? கழிப்பறைக்குத் தனியாகப் போய் வருமா? கத்தரிக்கோலால் கோட்டின் மேல் வெட்டுமா? தன் முறை வரும்வரை காத்திருக்குமா? விளையாட்டில் தோற்றால் தாங்கிக்கொள்ளுமா? பெயரும் முகவரியும் சொல்லுமா? கடைசி வரியில்தான் எழுத்து வந்தது: தன் பெயரை எழுதினால் நல்லது, கட்டாயமில்லை.

அந்தத் தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். ஓராண்டு முழுக்க அங்கேயே இருந்தது. அதில் இருப்பதுதான் சரியான பாடத்திட்டம் என்று இன்று நம்புகிறேன். அன்று நம்பவில்லை.

கடமை என்றால் கடமைதான்

ஷூல்ஃப்ளிஷ்ட் என்பது இங்கே ஒவ்வொரு பெற்றோரும் அறிந்த சொல். ஷூலெ என்றால் பள்ளி, ஃப்ளிஷ்ட் என்றால் கடமை. பிரஷ்ய மன்னர் 1717இல் போட்ட ஆணையிலிருந்து தொடங்கும் நெடிய கதை இது. 1919ஆம் ஆண்டின் வைமார் அரசியலமைப்பு பொதுப் பள்ளிக் கடமையை நாடு முழுவதற்குமான சட்டமாக எழுதியது. அடுத்த ஆண்டு வந்த தொடக்கப் பள்ளிச் சட்டம் பணக்காரர் பிள்ளையும் தொழிலாளி பிள்ளையும் முதல் நான்கு ஆண்டுகள் ஒரே பள்ளியில் படிக்க வேண்டும் என்றது. குருண்ட்ஷூலெ என்ற இன்றைய தொடக்கப் பள்ளி அப்படி வந்தது. பெர்லினிலும் பிராண்டன்பூர்கிலும் மட்டும் அது ஆறு ஆண்டுகள்.

வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன் என்று சொல்ல இங்கே அநேகமாக வழியே இல்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போன பெற்றோர் உண்டு. 2019இலும் தீர்ப்பு ஜெர்மனியின் பக்கமே வந்தது. இந்தக் கடமைக்கு இன்னொரு முகமும் உண்டு. குடியிருப்பு உரிமைத் தாள் இல்லாத குடும்பத்தின் குழந்தைக்கும் பள்ளியின் கதவு மூடக்கூடாது. அப்படிப்பட்ட குடும்பத்தைக் கண்டால் குடிவரவு அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து பள்ளிகளுக்கு 2011இல் சட்டம் விலக்கு அளித்தது.

கிட்டாவில் இருந்தவரை நினைத்தபோது ஊருக்குப் பறக்கலாம். தங்கைக்குக் கல்யாணம் என்றால் மூன்று வாரம் விடுப்பு சொன்னால் போதும். ஒன்றாம் வகுப்பு தொடங்கிவிட்டால் விடுமுறையில் மட்டும்தான் பயணம். விமான டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று இரண்டு நாள் முன்னதாகக் கிளம்பினால் அபராதம் வரலாம். எங்கள் மாநிலத்தில் அது 1,000 யூரோ வரை போகும். பவேரியாவில் 2018இல் விடுமுறைக்கு முந்தைய நாள்களில் மெம்மிங்கன் விமான நிலையத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகளோடு வந்தவர்களைப் போலீசாரே விசாரித்தார்கள்.

ஒரு தேதி, பதினாறு மாநிலங்கள்

கல்வி இங்கே மாநிலங்களின் கையில் இருக்கிறது. பதினாறு மாநிலங்கள், பதினாறு பள்ளிச் சட்டங்கள். எந்த நாளுக்குள் ஆறு வயது நிரம்பினால் பள்ளிக்குப் போகவேண்டும் என்பதில்கூட ஒற்றுமை இல்லை.

என் மகள் பிறந்தது செப்டம்பர் மூன்றாம் வாரம். நாங்கள் இருக்கும் நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலனில் கெடு செப்டம்பர் 30. ஆகவே அவள் 'முஸ் கிண்ட்', போயே ஆகவேண்டிய குழந்தை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஹெஸ்ஸனில் கெடு ஜூன் 30. அங்கே குடியிருந்திருந்தால் அவள் 'கான் கிண்ட்', விரும்பினால் போகலாம், இல்லையேல் அடுத்த ஆண்டு. வடக்கே நீடர்சாக்சனில் ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையே ஆறு வயதாகும் பிள்ளைகளின் பெற்றோர், மே 1ஆம் தேதிக்குள் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் ஓராண்டு தள்ளிப்போடலாம். பவேரியாவிலும் 2019 முதல் அதே மூன்று மாதங்களுக்குப் பெற்றோர் முடிவு. எங்கள் மாநிலத்தில் தள்ளிப்போட வேண்டுமானால் உடல்நலம் சார்ந்த வலுவான காரணம் வேண்டும். அரசு மருத்துவரின் கருத்தைப் பார்த்துத் தலைமையாசிரியர் முடிவெடுப்பார்.

எது சரியான வயது என்ற கேள்வியில் இந்த நாடு எழுபது ஆண்டுகளுக்கு மேலாக முன்னும் பின்னும் போய்க்கொண்டிருக்கிறது. என் தாத்தா என் அப்பாவைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது, வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார்களாம். எட்டினால் சேர்க்கை, எட்டாவிட்டால் அடுத்த வருஷம் வா. பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலத்து நம்மூர் வழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். ஜெர்மனியிலும் அதே சோதனை இருந்திருக்கிறது! இங்கே அதற்கு 'ஃபிலிப்பீனர்மாஸ்', பிலிப்பைன்ஸ் அளவு என்று பெயர். ஆறு வயதையொட்டிக் குழந்தையின் கையும் காலும் நீள்கின்றன, தலை உடலுக்குப் பொருத்தமான அளவுக்கு வருகிறது. அந்த உருமாற்றம் நடந்துவிட்டதா என்று பார்க்கும் எளிய வழி அது. வில்ஃப்ரீட் ட்செல்லர் என்ற மருத்துவர் இந்த உடல் மாற்றத்தைப் பற்றி நிறைய எழுதினார். உடல் மாறினால் மனமும் பள்ளிக்குப் பக்குவம் என்று ஒரு காலம் நம்பியது.

1951இல் ஆர்ட்டூர் கெர்ன் என்ற கல்வியாளர், வகுப்பில் தேங்கி நிற்கும் பிள்ளைகளின் துயரத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அந்தப் பிள்ளைகள் மக்குகள் அல்ல, பக்குவம் வருமுன் அனுப்பப்பட்டவர்கள் என்பது அவர் வாதம். நாடே அதைக் கேட்டது. 1964இல் மாநிலங்கள் ஹாம்பர்க்கில் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் கெடு ஜூன் 30 ஆனது. பிறகு காற்று திசை மாறியது. மற்ற நாட்டுப் பிள்ளைகள் சீக்கிரம் படித்து முடிக்கிறார்கள், நம் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்ற பேச்சு வந்தது. 1997இல் கல்வி அமைச்சர்கள் முன்னதாகச் சேர்க்க வழி திறந்தார்கள். பெர்லின் 2005இல் கெடுவை டிசம்பர் 31க்கே கொண்டுபோனது. ஐந்தரை வயதுப் பிள்ளைகள் முதுகைப் பை மறைக்க வகுப்புக்குள் நுழைந்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2017இல், பெர்லின் செப்டம்பர் 30க்குத் திரும்பியது. பாடன்-வூர்ட்டம்பெர்க் படிப்படியாகப் பின்வாங்கி ஜூன் 30க்கே வந்து சேர்ந்துவிட்டது.

இந்தக் கதையை அறிந்த பிறகு, என் மகள் வகுப்பில் மிகச் சிறியவளாக இருப்பாளே என்ற பயம் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று புரிந்தது. பயம் எனக்கு மட்டும் சொந்தமானதல்ல. அமைச்சர்களே அதில் தடுமாறியிருக்கிறார்கள். எங்கள் மாநிலச் சட்டத்தில் அதற்கு ஒரு வடிகாலும் இருக்கிறது. முதல் இரண்டு வகுப்புகளும் சேர்ந்து ஒரே தொடக்கக் கட்டம். அதை ஒரு குழந்தை ஓராண்டில் முடிக்கலாம், இரண்டாண்டில் முடிக்கலாம், மூன்றாண்டும் எடுத்துக்கொள்ளலாம். அந்த மூன்றாவது ஆண்டு கட்டாயக் கல்விக் கணக்கில் சேராது.

எந்தப் பள்ளி?

நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலனில் தொடக்கப் பள்ளிகளுக்குக் கட்டாய எல்லை 2008இல் எடுபட்டுவிட்டது. விரும்பிய பள்ளியைக் கேட்கலாம். ஆனால் வீட்டுக்கு மிக அருகிலுள்ள பள்ளியில்தான் உரிமையோடு இடம் கேட்க முடியும், அதுவும் அங்கே இடம் இருக்கும்வரை. வேறு மாநிலங்களில் வீட்டு முகவரிதான் பள்ளியைத் தீர்மானிக்கிறது.

எங்கள் வீட்டுக்கு மிக அருகில் இருந்தது ஒரு கத்தோலிக்கப் பள்ளி. நம் ஊர் கான்வென்ட் போன்ற தனியார் பள்ளி அல்ல, அரசுப் பள்ளிதான். சம்பளம் அரசு கொடுக்கிறது, கட்டடம் நகராட்சியுடையது, ஆனால் பெயரிலும் நடையிலும் சமயம் இருக்கிறது. இந்த மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இப்படிச் சமயம் சார்ந்தது. பள்ளிப் பெயரின் முன்னால் கே.ஜி.எஸ். என்றிருந்தால் கத்தோலிக்கப் பள்ளி, ஜி.ஜி.எஸ். என்றிருந்தால் எல்லோருக்குமான பொதுப் பள்ளி. வேறு சமயத்துப் பிள்ளையும் கத்தோலிக்கப் பள்ளியில் சேரலாம். குழந்தையை அந்தச் சமய நெறிப்படி வளர்த்துக் கற்பிக்கச் சம்மதம் என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். பலர் பட்டியலில் இந்த எழுத்துகளைக் கவனிக்காமல் போய், பதிவு நாளில்தான் அந்தத் தாளைப் பார்க்கிறார்கள். நாங்கள் நானூறு மீட்டர் கூடுதலாக நடக்கும் பொதுப் பள்ளியைத் தேர்ந்தோம். திறந்த கதவு நாள் என்று ஒரு சனிக்கிழமை வைத்தார்கள். அங்கே நான் கரும்பலகையைப் பார்க்கவில்லை. கழிப்பறையைப் பார்த்தேன், விளையாட்டுத் திடலில் நிழல் இருக்கிறதா என்று பார்த்தேன், தலைமையாசிரியர் பிள்ளைகளோடு பேசும்போது குனிகிறாரா என்று பார்த்தேன். குனிந்தார்.

மூன்று பேர், மூன்று குடும்பப் பெயர்

பதிவு நாளுக்குக் குழந்தையையும் அழைத்து வரச் சொன்னார்கள். எடுத்துப்போக வேண்டியவை: நகராட்சி அனுப்பிய சீட்டு, பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் பாஸ்போர்ட், தடுப்பூசிப் புத்தகம். மணவிலக்கு ஆனவர்களோ மணமாகாதவர்களோ என்றால் குழந்தைப் பொறுப்பு யாரிடம் என்பதற்கான சான்று. தட்டம்மைத் தடுப்பூசி இரண்டு முறை போட்டதற்கு ஆதாரம் கட்டாயம். 2020 மார்ச் 1 முதல் அது தனிச் சட்டம். ஆதாரம் இல்லை என்பதற்காகப் பள்ளிக் கடமையுள்ள குழந்தையைத் திருப்பி அனுப்ப முடியாது. ஆனால் விஷயம் சுகாதாரத் துறைக்குப் போகும், பெற்றோருக்கு 2,500 யூரோ வரை அபராதம் வரலாம். ஊரில் போட்ட ஊசிக்கான அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள் என்று இங்கே புதிதாக வருபவர்களிடம் நான் சொல்லும் முதல் வார்த்தை அதனால்தான்.

செயலகத்தில் இருந்த அம்மையார் எங்கள் தாள்களை மேசையில் வரிசையாகப் பரப்பினார். மகளின் குடும்பப் பெயர் இருக்கும் கட்டத்தில் என் கணவரின் பெயர். கணவரின் குடும்பப் பெயர் கட்டத்தில் அவருடைய அப்பா பெயர். என் கட்டத்தில் என் அப்பா பெயர். விரலை மூன்று தாள்களிலும் மாறி மாறி வைத்தார். "நீங்கள் மூவரும் ஒரே குடும்பம்தானே?" என்று கேட்டார். குரலில் சந்தேகம் இல்லை, குழப்பம்தான். தமிழில் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, அப்பாவின் பெயர் முன்னெழுத்தாக நிற்கும், அதைத்தான் பாஸ்போர்ட் கட்டத்தில் விரித்து எழுதியிருக்கிறோம் என்று கணவர் விளக்கினார். திருமணச் சான்றிதழை ஜெர்மன் மொழிபெயர்ப்போடு நீட்டினேன். யாரும் கேட்காவிட்டாலும் அதைக் கொண்டுபோவது என் வழக்கமாகிவிட்டது. அவர் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளில் ஏதோ எழுதிக் கோப்பின் மேல் ஒட்டினார். எட்டிப் பார்த்தேன். 'அப்பாவின் முதல் பெயர் = பிள்ளையின் கடைசிப் பெயர். சரியே!' என்று எழுதியிருந்தார்.

அதற்குள் மகளைப் பக்கத்து அறைக்கு ஓர் ஆசிரியை அழைத்துப் போயிருந்தார். பெயர் கேட்டார், ஒரு மனிதரை வரையச் சொன்னார், படத்தில் என்ன நடக்கிறது என்று பேசவைத்தார். ஜெர்மன் போதுமா என்று அப்போதே கவனிக்கிறார்கள். போதவில்லை என்றால் பள்ளி தொடங்கும்வரை மொழி வகுப்புக்கு அனுப்பச் சொல்வார்கள். திரும்பி வந்தவள் கையில் பாதி தின்ற ஆப்பிள் துண்டு. "மனுஷனுக்குக் காது போட மறந்துட்டேன், அப்புறம் ஞாபகம் வந்து போட்டேன்" என்றாள்.

பத்து நொடியில் எத்தனை தாவல்?

குளிர்காலம் முடியும் நேரத்தில் நகரச் சுகாதார அலுவலகத்திலிருந்து அழைப்பு. பள்ளி நுழைவு மருத்துவப் பரிசோதனை. குழந்தை பிறந்த அன்றே கொடுத்த மஞ்சள் புத்தகத்தை எடுத்துப்போக வேண்டும். யூ1 தொடங்கி யூ9 வரை ஒவ்வொரு வயதுப் பரிசோதனையும் அதில் பதிவாகியிருக்கும். யூ9 ஐந்து வயதையொட்டி வருவது.

எடை, உயரம், பார்வை, செவி எல்லாம் சட்டென்று முடிந்தன. பிறகுதான் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. தரையில் ஒரு விரிப்பு, நடுவில் கோடு. இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு கோட்டின் இருபுறமும் மாறி மாறித் தாவ வேண்டும், பத்து நொடி. மருத்துவர் கடிகாரத்தை அழுத்தினார். மகள் நாக்கைத் துருத்திக்கொண்டு தாவினாள். அவர் உதட்டுக்குள் எண்ணினார். அடுத்து அரைகுறை உருவங்களை முடித்து வரைதல், சிதறிய புள்ளிகளை எண்ணுதல், பொருளே இல்லாத சொற்களைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்லுதல், ஒன்றைச் சொன்னால் அதன் பன்மையைச் சொல்லுதல்.

பிறகு படங்கள். பந்து மேசைக்கு மேலே, கீழே, பின்னால், முன்னால். மேலே, கீழே இரண்டுக்கும் ஜெர்மனில் பதில் வந்தது. மூன்றாவது படத்தில் தயங்கினாள். என்னைப் பார்த்தாள். எதுவும் சொல்லக்கூடாது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். "பின்னாடி" என்றாள் தமிழில்.

மருத்துவர் என்னிடம் திரும்பி, என்ன சொன்னாள் என்றார். சொன்னேன். "அது சரியான விடை. ஜெர்மன் மதிப்பெண்ணில் சேராது. ஆனால் கருத்து அவளிடம் இருக்கிறது, அதற்குச் சொல் மட்டும் வரவேண்டும்" என்று எழுதிக்கொண்டார்.

அந்த ஒரு வரிக்காக அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். காரணம் இருக்கிறது. மகளுக்கு மூன்றரை வயதாக இருக்கும்போது, அவள் வளர்ச்சியில் அக்கறை கொண்ட ஒருவர், வீட்டிலும் ஜெர்மனே பேசுங்கள், இல்லாவிட்டால் பள்ளியில் திணறுவாள் என்றார். பயந்துபோய் நாங்கள் அப்படியே செய்தோம். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் டெர், டீ, டாஸ் எது எங்கே வரும் என்று தடுமாறும் எங்கள் ஜெர்மனில் நான்கு மாதம் குழந்தையோடு பேசினோம். சாப்பிடு, தூங்கு, பல் தேய் என்பதற்கு மேல் பேச்சு போகவில்லை. கதை சொல்வது நின்றது. கோபத்தில் திட்டக்கூடச் சொல் இல்லை. வீடு அமைதியாகிவிட்டது. மகளும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

மீட்டது ஒரு ஈழத்து அக்கா. எண்பதுகளில் போரிலிருந்து தப்பி இந்த மாநிலத்துக்கு வந்தவர்களில் ஒருவர். ஹம் நகரில் 2002இல் கும்பாபிஷேகம் கண்ட காமாட்சி அம்பாள் கோயிலின் தேரோட்டத்தில்தான் அவரைச் சந்தித்தோம். மூன்று பிள்ளைகளை இங்கே வளர்த்து ஆளாக்கி, சனிக்கிழமைதோறும் தமிழாலயம் என்ற தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பியவர். "பிள்ளையோட தமிழிலயே கதையுங்கோ. டொச் தன்பாட்டில வரும். தமிழ் நீங்கள் குடுக்காட்டி ஒருத்தரும் குடுக்க மாட்டினம்" என்றார். பிறகு பேச்சுப் பயிற்சி நிபுணர் ஒருவரும் அதையேதான் சொன்னார்: எந்த மொழியில் உங்களுக்குச் சிரிக்கவும் சண்டை போடவும் வருமோ, அதில் பேசுங்கள். பள்ளிக்கு ஆயத்தம் என்ற பெயரில் இங்குள்ள தமிழ் வீடுகளில் முதலில் பலியாவது தமிழ்தான். பின்னால் என்பதன் பொருள் ஒரு மொழியில் உறுதியாகத் தெரிந்த குழந்தைக்கு இன்னொரு மொழியின் சொல் ஒரு வாரத்தில் வந்துவிடும். எங்கள் மகளுக்கு 'ஹின்டர்' என்ற சொல் அன்று மாலை டிராமில் வீடு திரும்பும்போதே வந்துவிட்டது.

பையும் கூம்பும்

வசந்த காலத்தில் கடைகளில் ரான்ட்ஸன் கண்காட்சி தொடங்குகிறது. ரான்ட்ஸன் என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் முதுகுப்பை. பெட்டி போன்ற உறுதியான உடல், இடுப்பு வார், இருட்டில் ஒளிரும் பட்டைகள். பலவும் 200 யூரோவுக்கு மேல். வெறும் பை இவ்வளவா என்று முதலில் வயிறு எரிந்தது. குளிர்காலத்தில் காலை எட்டு மணிக்கும் தெரு இருட்டாக இருக்கும் ஊர் இது, அந்த ஒளிரும் பட்டை அலங்காரம் அல்ல. குழந்தைக்கு மாட்டிப் பார்த்து, உள்ளே எடை வைத்து, கடையைச் சுற்றி நடக்கவிட்டு வாங்க வேண்டும். வருமானம் குறைந்து அரசு உதவி பெறும் குடும்பங்களுக்கு 2025இல் பள்ளிப் பொருள்களுக்கென்று 195 யூரோ கிடைத்தது. ஆகஸ்டில் 130, பிப்ரவரியில் 65. நம்மவர்கள் பலர் வெட்கப்பட்டுக்கொண்டு இதைக் கேட்பதில்லை. உரிமை அது, கேட்டு வாங்குங்கள்.

பள்ளி தந்த பொருள் பட்டியல் ஒரு பக்கம் நீண்டது. முக்கோணப் பென்சில், பன்னிரண்டு நிற வாட்டர்கலர் பெட்டி, ஆறு நிறத்தில் கோப்புகள், வகுப்புக்குள் போடும் செருப்பு. ஒவ்வொரு கிரேயானிலும் பெயர் ஒட்ட வேண்டும். இரண்டு இரவு உட்கார்ந்து ஒட்டினோம்.

ஆனால் ஒரு ஜெர்மன் குழந்தையிடம் பள்ளி என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பையைச் சொல்லாது, ஷூல்ட்யூட்டெ என்றுதான் சொல்லும். தன் உயரத்தில் பாதிக்கு மேல் நீளமான அட்டைக் கூம்பு, உள்ளே இனிப்பும் சின்னப் பரிசுகளும், வாய் வலைத்துணியால் கட்டியிருக்கும். முதல் நாள் அதை இரு கையாலும் அணைத்துக்கொண்டு போகவேண்டும். சாக்சனி, துரிங்கியா பக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிய வழக்கம். அங்கே இதற்குச் சர்க்கரைக் கூம்பு என்றே பெயர். ஆசிரியர் வீட்டில் ஒரு மரம் இருக்கிறது, அதில் கூம்புகள் காய்க்கின்றன, பழுத்துவிட்டால் பள்ளிக்குப் போகும் வயது வந்துவிட்டது என்று பிள்ளைகளுக்குக் கதை சொல்வார்கள். 1852இலேயே இந்த மரத்தைப் பற்றி ஒரு குழந்தைகள் புத்தகம் வந்திருக்கிறது. டிரெஸ்டனில் வளர்ந்த எழுத்தாளர் எரிஷ் கெஸ்ட்னர் தன் கூம்பை அக்கம்பக்கத்தில் காட்டப் போனபோது இடறிவிழுந்து இனிப்பெல்லாம் சிதறியதைத் தன் சிறுவயது நினைவுகளில் எழுதியிருக்கிறார். கிழக்கே கூம்பு ஆறு பட்டை கொண்டது, நீளமும் அதிகம். மேற்கே உருண்டையானது.

கிட்டாவில் ஒரு மாலை பெற்றோரைக் கூப்பிட்டுக் கூம்பு செய்யவைத்தார்கள். சின்ன நாற்காலிகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து பெரியவர்கள் அட்டை வெட்டினோம். என் மகள் கேட்டது மயில். தோகையை நீலக் கிரேப் தாளில் நறுக்கி ஒட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு சிரிய நாட்டு அப்பா, மகனுக்குத் தீயணைப்பு வண்டி. சூடான பசை விரலில் பட்டு இருவரும் மாறி மாறிக் கையை உதறினோம். கூம்பின் அடியில் பழைய செய்தித்தாளைத் திணித்தேன், அதன்மேல் அழிப்பான், பென்சில் சீவி, குட்டி டார்ச், அம்மா திருச்சியிலிருந்து பார்சலில் அனுப்பிய கடலை மிட்டாய்.

இதற்கிடையே இன்னொரு ஓட்டம். ஒன்றாம் வகுப்பு பதினொன்றரை, பன்னிரண்டு மணிக்கெல்லாம் முடிந்துவிடும். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பிற்பகலுக்கு என்ன செய்வது? எங்கள் மாநிலத்தில் 2003 முதல் பள்ளியிலேயே பிற்பகல் காப்பகம் உண்டு, ஓ.ஜி.எஸ். என்பார்கள். இடம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. மகளுக்குக் கிடைத்ததை ஜூன் மாதம்தான் சொன்னார்கள், அதுவரை தூக்கம் இல்லை. 2026 ஆகஸ்ட் 1 முதல் இது சட்ட உரிமை ஆகிறது. முதலில் ஒன்றாம் வகுப்பு, பிறகு ஆண்டுக்கு ஒரு வகுப்பாக நான்காம் வகுப்புவரை. பள்ளி நேரமும் சேர்த்து நாளுக்கு எட்டு மணி நேரம்.

ஆகஸ்ட் 28, வியாழன்

கோடை விடுமுறை முழுக்க ஒரு பயிற்சி. பள்ளிக்கு நடப்பது. நான் அவளைக் கூட்டிப்போகக் கூடாது, அவள் என்னைக் கூட்டிப்போக வேண்டும். ஓரக்கல்லில் நில், இடம் பார், வலம் பார், மறுபடி இடம் பார். நிறுத்திய கார்களுக்கு இடையில் கடக்காதே. குறுக்கு வழியைவிடச் சிக்னல் உள்ள சுற்று வழி மேல். 1971 முதல் பள்ளிப் பிள்ளைகள் வீட்டிலிருந்து பள்ளிக்கு நடக்கும் வழியிலும் அரசு விபத்துக் காப்பீட்டின் கீழ் வருகிறார்கள். நடப்பதும் பள்ளியின் ஒரு பகுதி என்றே இந்த நாடு நினைக்கிறது. காரில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிடும் பெற்றோர் இங்கேயும் பெருகிவிட்டார்கள். அந்தக் கார்களே வாசலில் ஆபத்து என்று பள்ளிகள் கெஞ்சாத குறை.

சேர்க்கை விழா அன்று தேவாலயத்தில் விரும்பியவர்களுக்குப் பிரார்த்தனை, பிறகு பள்ளி அரங்கில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பாட்டு. ரைன் நதிப் பக்கத்தில் ஒன்றாம் வகுப்புக்காரரை 'ஈ-டோட்ஸ்ஷன்' என்பார்கள். அந்தக் காலத்தில் முதலில் கற்றது ஆங்கில 'ஐ' போல எழுதி 'ஈ' என்று ஒலிக்கும் எழுத்தை என்பதால் வந்த பெயர். ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டார்கள். மகளின் கடைசிப் பெயரை ஆசிரியை நிறுத்தி, நிதானமாக, ஒரு எழுத்தும் பிசகாமல் சொன்னார். மயில் கூம்பு முகத்தை மறைக்க மேடையேறினாள். வகுப்பிலேயே சின்னவள் அவள்தான். கதவு மூடியது. பெற்றோர் முற்றத்தில் காபி குடித்துக்கொண்டு நின்றோம். முதல் பாடம் நாற்பது நிமிடம்.

அம்மா அன்று இரவு கேட்ட முதல் கேள்வி, இங்கிலீஷ் எப்போது சொல்லிக்கொடுப்பார்கள் என்பது. மூன்றாம் வகுப்பில் என்றேன். மதிப்பெண்? இப்போதைக்கு இல்லை, எழுத்தில் சில வரிகள் மட்டும். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கடலை மிட்டாய் சாப்பிட்டாளா?" என்றாள்.

மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை. பள்ளித் தெருவின் முனையில் கம்பி வேலியில் ஒரு பலகை தொங்குகிறது. 'இங்கிருந்து நானே போவேன்' என்று எழுதி, பை மாட்டிய ஒரு பிள்ளையை வரைந்திருப்பார்கள். ஜெர்மனியின் பல தொடக்கப் பள்ளிகளில் இதைப் பார்க்கலாம். அதுவரை தினமும் அந்தப் பலகையைத் தாண்டி வாசல்வரை போய்க்கொண்டிருந்தோம். அன்று மகள் பலகைக்கு முன்னால் நின்றாள். வாயைக் கூட்டி மெதுவாகப் படித்தாள், பாதி எழுத்து, பாதி ஊகம். காற்று குளிர்ந்திருந்தது. ஜாக்கெட்டின் ஜிப் திறந்திருந்ததைப் பார்த்துக் குனியப் போனேன். கையை விலக்கினாள். கீழே பல்லைப் பொருத்த இரண்டு முறை தவறியது, மூன்றாவது முறை பொருந்தியது. கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

"அம்மா, நீ இங்கயே நில்லு" என்றாள்.